கார் ஒரு பக்கமாக இழுக்கிறதா? அலைன்மென்ட் கடைக்குப் போகும் முன் வரிசையாகப் பார்க்க வேண்டியவை

கார் இடப்பக்கமோ வலப்பக்கமோ இழுக்கத் தொடங்கினால் பலரும் நேராக அலைன்மென்ட் கடைக்குத்தான் ஓடுகிறார்கள். பணம் கட்டி, அச்சடித்த தாளையும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தால் வண்டி பழையபடியே இழுக்கும். அலைன்மென்ட் மெஷின் சக்கரத்தின் கோணத்தை மட்டுமே அளக்கும். டயருக்குள் இருக்கும் கோளாறும், உப்புக்காற்றில் இறுகிப்போன காலிப்பரும் (பிரேக் பேட்டை டிஸ்க்கோடு அழுத்தும் பாகம்), ஆடிப்போன புஷ்ஷும் (இரும்புப் பாகங்களின் இணைப்பில் இருக்கும் ரப்பர்) அதன் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே அலைன்மென்ட் கடைசி. அதற்கு முன்னால் செய்ய வேண்டியவற்றைச் செலவில்லாததில் தொடங்கி வரிசையாகத் தந்திருக்கிறோம். முதல் படியில் சொல்வதைத் தவிர, வரிசையை மாற்ற வேண்டாம். ஒவ்வொரு படியும் அதற்கு முந்தைய படி சரியாக இருக்கிறது என்று நம்பித்தான் செய்யப்படுகிறது.

இது ராமநாதபுரம் கடற்கரையில் ஓடும் ஆல்டோ, வேகன் ஆர், ஸ்விஃப்ட், சான்ட்ரோ, ஐ10 போன்ற முன்சக்கர ஓட்ட வண்டிகளுக்கானது. ஆம்னி, ஈகோ, பொலிரோ ஆகியவை பின்சக்கர ஓட்டம். டயர், பிரேக் பகுதிகள் அவற்றுக்கும் பொருந்தும். ஆக்சிலரேட்டர் பற்றிச் சொல்வது பொருந்தாது.

1. எப்போது இழுக்கிறது என்று பிரித்துக்கொள்ளுங்கள்

மெக்கானிக்கிடம் போய் "அண்ணே, லெஃப்ட்ல இழுக்குது" என்று மட்டும் சொன்னால் அவரும் கண்ணைக் கட்டிக்கொண்டுதான் தேட வேண்டும். நேர் ரோட்டில் 60 கி.மீ. வேகத்தில் சும்மா போகும்போது இழுக்கிறதா, பிரேக் மிதித்தால் மட்டுமா, ஆக்சிலரேட்டர் அழுத்தினால் மட்டுமா, அல்லது திருப்பத்திலிருந்து வெளியே வந்ததும் திரும்பிய பக்கமே சாய்கிறதா? நான்கும் நான்கு வெவ்வேறு நோய்கள். எப்போதும் இழுத்தால் 3-ஆம் படியிலிருந்து தொடங்குங்கள். பிரேக்கில் மட்டும் இழுத்தால் 4, 5 முடித்துவிட்டு 7-க்குப் போகலாம். மற்ற இரண்டுக்கும் 10-ஆம் படி இருக்கிறது; ஆனாலும் டயர் காற்றைப் பார்க்காமல் அங்கே தாவாதீர்கள்.

ஸ்டீயரிங் கோணலாக நிற்பது வேறு, வண்டி இழுப்பது வேறு. ஸ்டீயரிங் சற்றுத் திரும்பியிருந்தும், கையில் எந்த பலமும் கொடுக்காமலே வண்டி நேராகப் போனால் அது இழுவை இல்லை. டை ராட் (ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பி) நீளம் இரண்டு பக்கமும் ஒத்துப்போகவில்லை, அல்லது பின் ஆக்ஸில் கோணலாக இருக்கிறது என்று பொருள். நேராகப் போக வைக்கத் தொடர்ந்து கை பலம் கொடுக்க வேண்டியிருந்தால்தான் இழுவை.

2. எடுத்து வைக்க வேண்டியவை

டயர் காற்று கேஜ் (சொந்தமாக ஒன்று; பங்க்கில் இருப்பதை மட்டும் நம்ப வேண்டாம்), ஜாக்கி, இரண்டு ஆக்ஸில் ஸ்டாண்ட், வீல் ஸ்பேனர், டார்ச், டேப், சாக்பீஸ், கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டு, கம்பி பிரஷ், ஒரு நீளமான நெம்புகோல், துருவைத் தளர்த்தும் ஸ்பிரே, பிரேக்குக்கான சிலிகான் கிரீஸ். தொலைவிலிருந்து வெப்பம் காட்டும் கருவி இருந்தால் 6-ஆம் படி எளிது. உதவிக்கு ஓர் ஆள் கட்டாயம் வேண்டும்.

கடற்கரைத் தரை மணல். ஜாக்கியை நேராக வைத்தால் வண்டி ஏற ஏற ஜாக்கி இறங்கும். ஓர் அடிக்கு ஓர் அடி கனமான பலகை அடியில் வையுங்கள். ஸ்டாண்டுக்கும் அப்படியே. வண்டியின் பக்கவாட்டு விளிம்பில் ஜாக்கி வைக்கும் இடம் துருப்பிடித்து உளுத்திருக்கிறதா என்று முதலில் ஸ்குரூடிரைவரால் குத்திப் பாருங்கள். உப்புக்காற்றில் பத்து வருடம் நின்ற வண்டியில் அந்த இடம் பொருபொருத்துப்போயிருப்பது இங்கே சாதாரணம். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கையை விடக் கூடாது.

3. கடல்காற்றையும் ரோட்டையும் கழித்துவிடுங்கள்

இந்தியாவில் இடப்பக்கம் ஓட்டுகிறோம். மழைநீர் வடிய இருவழி ரோட்டின் நடு உயர்ந்து ஓரம் தாழ்ந்திருக்கும். அதனால் நல்ல வண்டியும் மெல்ல இடப்பக்கம் சாயும். அதற்குப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. வலப்பக்கம் இழுக்கும் வண்டி ரோட்டுச் சரிவையும் மீறி இழுக்கிறது, எனவே அதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அடுத்தது காற்று. பாம்பன் பாலத்தின் மேல் வைத்துச் சோதிக்கவே வேண்டாம். ரயிலையே நிறுத்தி வைக்கிற காற்று அது. போதாததற்கு, படம் எடுக்க நடுப்பாலத்தில் வண்டியை ஓரங்கட்டுகிற கூட்டம் வேறு. கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்தில் மண்டபத்திலிருந்து ராமேஸ்வரம் போகும்போது தென்கடல் பக்கமிருந்து அடிக்கும் காற்று வண்டியை இடப்பக்கம் தள்ளும். திரும்பி வரும்போது அதே காற்று வலப்பக்கம் தள்ளும். சோதனையின் சூட்சுமமே இதுதான். போகும்போது ஒரு பக்கம், வரும்போது மறுபக்கம் என்றால் அது காற்று. இரு திசையிலும் ஒரே பக்கம் என்றால் வண்டியோ ரோட்டுச் சரிவோ. இரண்டையும் பிரிக்க, முன்னும் பின்னும் வண்டியே இல்லாத நேர் ரோட்டில் சில விநாடிகள் நடுக்கோட்டின் மேல் ஓட்டிப் பாருங்கள். அங்கே சரிவு இரு பக்கமும் சமம். அங்கும் இழுத்தால் வண்டிதான்.

காற்று எழும்பாத விடியற்காலையில், உச்சிப்புளிப் பக்கமோ கிழக்குக் கடற்கரைச் சாலையிலோ தடையில்லாமல் கண்ணுக்கெட்டும் நேர் ரோட்டைத் தேர்ந்தெடுங்கள். வேகம் 60. ஸ்டீயரிங்கை விரல்நுனியால் தொட்டபடி பிடியை மட்டும் தளர்த்துங்கள். கையை முழுதாக எடுக்காதீர்கள். 60 கி.மீ. வேகத்தில் 100 மீட்டர் கடக்க 6 விநாடி ஆகும். அதற்குள் ஒரு லேன் அகலம், அதாவது சுமார் மூன்றரை மீட்டர் விலகிவிட்டால் சரிசெய்ய வேண்டிய கோளாறு உண்டு. அதைவிட மெதுவாக இடப்பக்கம் நழுவினால் ரோடுதான் காரணம் என்று வைத்துக்கொள்ளலாம்.

4. டயர் காற்று

டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் அளவுதான் கணக்கு. டயரின் பக்கச்சுவரில் இருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு. அதை நிரப்புவது புதியவர்கள் அடிக்கடி செய்யும் தவறு. குறைந்தது மூன்று மணி நேரம் நின்ற வண்டியில், வெயில் ஏறும் முன் அளந்து பாருங்கள். ஒரு பக்கம் வெயிலிலும் மறுபக்கம் நிழலிலும் நின்றிருந்தால்கூட அளவு மாறிக் காட்டும்.

முன் டயர்களில் காற்று குறைந்த பக்கம் வண்டி இழுக்கும். தளர்ந்த டயர் உருள அதிக எதிர்ப்புக் காட்டுவதே காரணம். இரண்டு முன் டயருக்கும் வித்தியாசம் 1 பி.எஸ்.ஐ.-க்குள் இருக்கட்டும்.

ராமநாதபுரம் சீமையில் இதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு: சீமைக்கருவேல முள். ஓரம் ஒதுங்கும்போது ஏறி, உள்ளே முறிந்து நின்றுவிடும். வெளியே நுனி தெரியாது. இரண்டு மூன்று நாளில் சில பி.எஸ்.ஐ. இறங்கும், நிரப்பினால் இழுவை போகும், பிறகு மறுபடி வரும். "விட்டு விட்டு இழுக்குது" என்று வரும் வண்டியில் முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும். நான்கையும் சரியாக நிரப்பி எழுதி வைத்து, மறுநாள் அதே நேரத்தில் அளந்து பாருங்கள். குறைந்த டயரைச் சோப்புத் தண்ணீரில் பாருங்கள். வால்வு அடியையும் சேர்த்துத்தான். உப்பில் உலர்ந்த ரப்பர் வால்வு வெடித்து மெல்லக் கசியும்.

5. டயரை மாற்றிப் போட்டுப் பார்ப்பது

பைசா செலவில்லாத சோதனை இது. பலரும் தவிர்க்கிற சோதனையும் இதுதான். டயரின் உள்பட்டை சற்றே ஒருபக்கமாக அமைந்திருந்தால், டயர் கூம்பு உருள்வதுபோல் ஒரு பக்கமாகவே ஓடப் பார்க்கும். புது டயரிலும் இது வரும். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

முன் இடது, முன் வலது சக்கரங்களை இடம் மாற்றுங்கள். மற்ற எதையும் தொடாதீர்கள். அதே ரோட்டில் ஓட்டுங்கள்.

இழுவை எதிர்ப்பக்கம் மாறினால் முன் டயர்களில் ஒன்று குற்றவாளி. பின்னுக்கு ஒன்றை மாற்றிப் போட்டால் எது என்று தெரிந்துவிடும். இழுவை அப்படியே இருந்தால் முன் டயர்கள் நிரபராதி. அடுத்த படிக்குப் போங்கள். குறைந்தால், டயரோடு வேறொன்றும் சேர்ந்திருக்கிறது.

பக்கச்சுவரில் சுழலும் திசைக்கு அம்புக்குறி போட்ட டயரை இடம் வலம் மாற்றக் கூடாது. அவற்றை அதே பக்கத்தில் முன்னும் பின்னுமாக மாற்றுங்கள். முன்னால் ஒரு பக்கம் ஸ்டெப்னியோ வேறு கம்பெனி டயரோ இருந்தால் மேற்கொண்டு எதையும் சோதிக்க வேண்டாம். முதலில் முன் ஆக்ஸிலில் ஒரே கம்பெனி, ஒரே அளவு, ஏறத்தாழ ஒரே தேய்மானம் உள்ள ஜோடியைப் போடுங்கள்.

நட்டுகளை எதிரெதிராக, இரண்டு சுற்றில் முறுக்குங்கள். இந்த வகைச் சிறு கார்களுக்குப் பெரும்பாலும் 85 முதல் 110 நியூட்டன் மீட்டர். உங்கள் வண்டிக்கு உரியதைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். 50 கி.மீ. ஓடியபின் ஒருமுறை மறுபடி முறுக்கிப் பார்க்க வேண்டும். ஹப்பில் ரிம் உட்காரும் இடத்துத் துருவைக் கம்பி பிரஷால் தேய்க்காமல் மாட்டினால் ரிம் சமமாக உட்காராது. நட்டும் பிறகு தளரும்.

6. பிடித்துக்கொண்டே ஓடும் பிரேக்

இந்தக் கரையில் இழுவைக்கு டயருக்கு அடுத்த பெரிய காரணம் இதுதான். தங்கச்சிமடம், பாம்பன், கீழக்கரை என்று கடலை ஒட்டி நிற்கும் வண்டிகளில் காலிப்பர் பின்னும் (காலிப்பர் வழுக்கி நகரும் கம்பி) பேட் காதுகளும் (பேட்டின் இரு முனைகள்) உப்புத் துருவில் இறுகிவிடும். பிரேக்கை விட்டபின்னும் பேட் டிஸ்க்கை விடாது. வண்டி அந்தப் பக்கம் இழுக்கும், மைலேஜும் குறையும்.

முதலில் வெப்பச் சோதனை. பிரேக்கை முடிந்தவரை தொடாமல் 5, 6 கி.மீ. ஓட்டுங்கள். கியரைக் குறைத்து, கடைசியில் உருண்டே நிற்க விடுங்கள். உடனே இரு முன் டிஸ்க்கின் வெப்பத்தையும் அளந்து பாருங்கள். 20 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் சூடான பக்கத்தைக் கழற்றிப் பார்க்க வேண்டும். கருவி இல்லையென்றால் ரிம்மின் நடுவில் புறங்கையைக் கிட்டே கொண்டுபோய் உணருங்கள். டிஸ்க்கைத் தொடாதீர்கள். பின் டிரம்களையும் ஒப்பிடுங்கள். துருப்பிடித்த ஹேண்ட் பிரேக் கேபிள் ஒரு பக்கம் மட்டும் திரும்பாமல் நின்றாலும் வண்டி அந்தப் பக்கம் மெல்ல இழுக்கும்.

அடுத்து முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்குக் கல் வைத்துவிட்டு, கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவாருங்கள். உதவியாளர் பிரேக்கை ஒருமுறை நன்றாக மிதித்து விடட்டும். விட்டதும் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். முன்சக்கர ஓட்ட வண்டியில் டிரைவ் ஷாப்ட்டும் (என்ஜின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டு) சேர்ந்து சுழலும் என்பதால் சற்றுக் கனமாகவே இருக்கும். அதனால் தனியாக ஒரு பக்கத்தைப் பார்த்து முடிவு செய்யாமல் இரு பக்கத்தையும் ஒப்பிடுங்கள்.

ஒரு பக்கம் இறுக்கமாக இருந்தால் காரணம் எங்கே என்று பிரிக்க, அந்தக் காலிப்பரின் பிளீடர் நிப்பிளை (பிரேக் ஆயிலை வெளியே விடும் சிறு திருகு) லேசாகத் திறங்கள். ஒரு சிறு டியூபைச் செருகி ஆயிலைப் பாட்டிலில் பிடித்துக்கொள்ளுங்கள். பெயின்ட்டில் பட்டால் பெயின்ட் போய்விடும். சட்டென்று ஆயில் பீறிட்டுச் சக்கரம் விடுபட்டால் பைப்பில் அழுத்தம் சிக்கிக்கொண்டிருந்தது என்று பொருள். பெரும்பாலும் ரப்பர் பிரேக் ஹோஸ் உள்ளே உப்பி, போன ஆயிலைத் திரும்ப விடாமல் அடைத்திருக்கும். திறந்தும் சக்கரம் விடவில்லை என்றால் சிக்கல் பிஸ்டனிலோ பின்னிலோ பேட் காதிலோ இருக்கிறது. இந்த ஒரு சோதனையைச் செய்யாமல்தான் பலர் நல்ல காலிப்பரைத் தூக்கிப்போட்டுப் புதிது வாங்கிவிட்டு, பிறகும் இழுவையோடு திரிகிறார்கள்.

காலிப்பர் பின்னைப் பார்க்க: காலிப்பரின் கீழ் போல்ட்டைக் கழற்றி மேலே தூக்குங்கள். முழுவதும் கழற்றினால் கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிடுங்கள். ஹோஸில் தொங்கவிட்டால் ஹோஸ் உள்ளே கிழியும். இரண்டு பின்னும் விரலால் தள்ளினாலே வழுக்கிக்கொண்டு உள்ளே வெளியே போக வேண்டும். ரப்பர் கவர் கிழிந்திருந்தால் உப்புநீர் உள்ளே போயிருக்கும். மேலோட்டமான துருவை மெல்லிய எமரித் தாளால் நீக்கலாம். குழி விழுந்திருந்தால் பின்னையும் கவரையும் மாற்ற வேண்டும். தடவுவதற்குச் சிலிகான் பிரேக் கிரீஸ் மட்டும்தான். பேரிங்குக்குப் போடும் சாதாரண கிரீஸ் ரப்பரை ஊதவைத்து, சில மாதத்தில் பின்னை முன்னைவிட மோசமாக இறுக்கிவிடும். பேட் உட்காரும் பள்ளங்களைக் கம்பி பிரஷால் தேய்த்து, பேட் கையால் வழுக்கும்படி செய்யுங்கள். சுத்தியால் தட்டித்தான் பேட் இறங்குகிறது என்றால் வேலை முடியவில்லை.

ஒரே சக்கரத்தின் உள் பேட்டுக்கும் வெளிப் பேட்டுக்கும் 2 மி.மீ.-க்கு மேல் தேய்மான வித்தியாசம் இருந்தால் பின்னோ பிஸ்டனோ சரியாக ஓடவில்லை. பேட், ஹோஸ் எதை மாற்றினாலும் இரு பக்கமும் ஜோடியாக மாற்றுங்கள்.

கடல் பார்த்து நின்ற பக்கத்து டிஸ்க்கில் ஒரே இரவில் செம்பட்டைத் துரு படியும். காலையில் முதல் நாலைந்து பிரேக்கில் வண்டி சற்று இழுத்துப் பிறகு சரியானால் அதுதான். அதற்காக எதையும் கழற்ற வேண்டாம்.

7. பிரேக் மிதித்தால் மட்டும் இழுத்தால்

இங்கே திசை தலைகீழாகும். பிரேக் மிதிக்கும்போது இடப்பக்கம் இழுத்தால், இடப்பக்கப் பிரேக் பிடிக்கிறது, வலப்பக்கம் பிடிக்கவில்லை என்றுதான் முதலில் எண்ண வேண்டும். புதியவர்கள் இழுக்கும் பக்கத்தையே கழற்றிக் கழற்றிப் பார்த்து ஒன்றும் கிடைக்காமல் மூடிவிடுவார்கள். எதிர்ப்பக்கத்தைத் திறங்கள்: இறுகிய பிஸ்டன், பேட்டில் ஆயிலோ கிரீஸோ பட்டது, டிரைவ் ஷாப்ட் கவர் கிழிந்து தெறித்த கிரீஸ்.

முன்சக்கர ஓட்டக் கார்களில் பிரேக் பைப் பெரும்பாலும் குறுக்காகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு முன் சக்கரமும் அதற்கு எதிர்மூலைப் பின் சக்கரமும் ஒரே இணைப்பு. ஓர் இணைப்பு போய்விட்டால் ஒரு முன் சக்கரம் மட்டும் பிடிக்கும், வண்டி வெட்டி இழுக்கும். பெடல் வழக்கத்தைவிடக் கீழே போனாலோ ஆயில் டப்பாவில் அளவு குறைந்திருந்தாலோ வண்டியை ஓட்டவே வேண்டாம்.

பிரேக் இரு பக்கமும் நன்றாக இருந்தும் இழுத்தால், லோயர் ஆர்மின் (சக்கரத்தைக் கீழே வண்டியோடு இணைக்கும் கை) பின்பக்கப் புஷ்ஷைப் பாருங்கள். பிரேக் விசை சக்கரத்தைப் பின்னோக்கித் தள்ளும். ரப்பர் கிழிந்திருந்தால் அந்தப் பக்கச் சக்கரம் இடம் நகர்ந்து, மிதிக்கிற நேரத்துக்கு மட்டும் கோணம் மாறும். நின்ற வண்டியில் எந்த மெஷினும் இதைக் காட்டாது.

8. வண்டிக்கு அடியில்

ஸ்டாண்டில் நிற்கும்போதே இதையும் முடித்துவிடுங்கள். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் வீல் பேரிங் அல்லது பால் ஜாயின்ட் (லோயர் ஆர்மின் நுனியில் உள்ள உருண்டை இணைப்பு). இடமும் வலமும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் டை ராட் எண்ட். நெம்புகோலை லோயர் ஆர்முக்கும் பிரேமுக்கும் நடுவில் கொடுத்து நெம்புங்கள். ரப்பர் சற்றே கொடுக்கலாம், ஆனால் இரும்போடு இரும்பு மோதும் சத்தம் வரக் கூடாது. இரு பக்கமும் ஒரே அளவு கொடுக்கிறதா என்பதுதான் கேள்வி.

பிறகு டார்ச் அடித்து ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்றைப் பாருங்கள். ஸ்ட்ரட்டின் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) கீழ்த்தட்டில் மணலும் உப்பும் சேர்ந்து ஈரம் காயாமல் நிற்கும். ஸ்பிரிங் அங்கேதான் அரித்து முறியும். தனுஷ்கோடிப் பக்கம் மணலில் இறக்கி ஏற்றும் வண்டிகளில் இதைத் தவறாமல் பாருங்கள். முறிந்த பக்கம் வண்டி தாழ்ந்து, சக்கரக் கோணமும் மாறும். முறிந்த முனை டயரைக் கிழிக்கவும் கூடும். வண்டியை இறக்கிச் சமதளத்தில் நிறுத்தி, ஹப் நடுவிலிருந்து நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரை இரு பக்கமும் அளந்து பாருங்கள். 10 மி.மீ.-க்கு மேல் வித்தியாசம் இருந்தால் காரணம் தேடுங்கள்.

9. தூக்குக்குண்டும் டேப்பும்

இரண்டு கோணங்கள்தான் வண்டியை இழுக்கும். கேம்பர் என்பது முன்னால் நின்று பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருப்பது. காஸ்டர் என்பது பக்கத்திலிருந்து பார்த்தால் ஸ்டீயரிங் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருப்பது. சக்கரத்தின் மேல்பகுதி எந்தப் பக்கம் அதிகமாக வெளியே சாய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம் இழுக்கும். காஸ்டர் எந்தப் பக்கம் குறைவோ அந்தப் பக்கம் இழுக்கும். முன் சக்கரங்களின் டோ அளவு (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருப்பது) தவறினால் டயர் தேயும், ஸ்டீயரிங் கோணலாகும். அது மட்டும் நிலையான இழுவையைத் தருவது அரிது.

கேம்பருக்கு: ஸ்டீயரிங் நேராக, சிமெண்ட் தரையில் நிறுத்துங்கள். மட்கார்டு விளிம்பிலிருந்து தூக்குக்குண்டை, நூல் டயரில் படாமல், சக்கரத்தின் நடுவை ஒட்டித் தொங்கவிடுங்கள். நூலுக்கும் ரிம்மின் மேல் விளிம்புக்கும், நூலுக்கும் ரிம்மின் கீழ் விளிம்புக்கும் உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். மேல் கீழ் விளிம்புகளுக்கு நடுவே 380 மி.மீ. இருந்தால், இடைவெளி வித்தியாசத்தில் 6.6 மி.மீ. ஒரு டிகிரி. மேலே இடைவெளி அதிகம் என்றால் சக்கரம் உள்ளே சாய்ந்திருக்கிறது.

தரை சாய்ந்திருந்தால் ஒரு பக்கம் கூட்டியும் மறுபக்கம் குறைத்தும் காட்டும். அதற்கு ரசமட்டம் தேட வேண்டியதில்லை. அளந்தபின் வண்டியை அதே இடத்தில் எதிர்த்திசை பார்த்து நிறுத்தி மறுபடி அளந்து, ஒவ்வொரு சக்கரத்துக்கும் சராசரி எடுங்கள். தரையின் சாய்வு கழிந்துவிடும். இரு பக்கத்துக்கும் வித்தியாசம் அரை டிகிரிக்கு மேல் இருந்தால் இழுவைக்கு அதுவே போதும்.

காஸ்டரைத் தூக்குக்குண்டால் அளக்க முடியாது. ஆனால் குறிப்பு கிடைக்கும். இடப்பக்கம் முன் ஹப் நடுவிலிருந்து பின் ஹப் நடு வரை, வலப்பக்கமும் அப்படியே டேப்பால் அளந்து பாருங்கள். 5, 6 மி.மீ.-க்கு மேல் வித்தியாசம் இருந்தால் நீளம் குறைந்த பக்கம் லோயர் ஆர்ம் வளைந்திருக்கலாம், அல்லது அதைத் தாங்கும் பிரேம் நகர்ந்திருக்கலாம். ஸ்ட்ரட் வண்டியில் கீழ் பால் ஜாயின்ட் 10 மி.மீ. முன்பின் நகர்ந்தால் காஸ்டர் சுமார் ஒரு டிகிரி மாறும். மழையில் தண்ணீர் மூடிய குழியில் ஒருமுறை ஓங்கி விழுந்தாலே இவ்வளவு நகர்ந்துவிடும்.

இந்த வகைக் கார்கள் பலவற்றில் கேம்பரும் காஸ்டரும் திருகி மாற்றுகிற அமைப்பே இல்லை, டோ மட்டும்தான். ஆகவே இவை தவறியிருந்தால் எங்கோ ஒரு பாகம் வளைந்திருக்கிறது. பாகத்தை மாற்றாமல், ஸ்ட்ரட் போல்ட் துளையை அரத்தால் அகலமாக்கிக் கோணம் கொண்டுவரும் கைவேலைக்குச் சம்மதிக்காதீர்கள்.

10. மீதி இரண்டு வகை

வலப்பக்கம் திரும்பி வந்தால் வலப்பக்கமே இழுத்து, இடப்பக்கம் திரும்பி வந்தால் இடப்பக்கமே இழுத்தால், ஸ்டீயரிங் நடுவுக்குத் திரும்பவிடாமல் ஏதோ இறுகியிருக்கிறது. ஸ்ட்ரட்டின் மேல் பேரிங்கில் துரு ஏறுவதே இங்கே வழக்கமான காரணம். உதவியாளர் ஸ்டீயரிங்கை மெதுவாகத் திருப்பட்டும். நீங்கள் ஸ்பிரிங்கின் மேல் உள்ளங்கையை வெளிப்பக்கமாக வையுங்கள், சுருளுக்குள் விரலை விடாதீர்கள். ஸ்பிரிங் சீராகச் சுழல வேண்டும். முறுக்கேறி "டங்"கென்று துள்ளினால் பேரிங் முடிந்தது.

ஆக்சிலரேட்டருக்கு: இரண்டாம் கியரில் 30-லிருந்து 50 வரை அழுத்தி, சட்டென்று காலை எடுங்கள். அழுத்தும்போது ஒரு பக்கமும் எடுக்கும்போது மறுபக்கமும் போனால் ஏதோ ஒன்று இடம் நகர்கிறது: லோயர் ஆர்ம் புஷ், என்ஜின் மவுண்ட், அல்லது பிரேம் போல்ட். முன்சக்கர ஓட்ட வண்டிகளில் இரு டிரைவ் ஷாப்ட்டும் பெரும்பாலும் ஒரே நீளம் இல்லை, அதனால் முழு அழுத்தத்தில் லேசான இழுவை இயல்பே. ஆனால் சிறு என்ஜினில் அது கையில் தெரியும் அளவுக்கு இருக்கக் கூடாது.

ஸ்டீயரிங்கையும் விட்டுவிட வேண்டாம். முன் சக்கரங்கள் தூக்கிய நிலையில் என்ஜினை ஸ்டார்ட் செய்து, ஸ்டீயரிங்கை நடுவில் விடுங்கள். தொடாமலே தானாக ஒரு பக்கம் சுழன்றால் பவர் ஸ்டீயரிங்கில்தான் கோளாறு. மின்சார ஸ்டீயரிங் என்றால் ஸ்கேனர் வைத்து நடுப்புள்ளியை மறுபடி பதிய வைக்க வேண்டும்.

11. இப்போது அலைன்மென்ட்

போவதற்கு முதல் நாள் இரவே இரு பக்க டை ராட் லாக் நட்டையும் கம்பி பிரஷால் தேய்த்து, துரு தளர்த்தும் ஸ்பிரே அடித்து வையுங்கள். கடற்கரை வண்டிகளில் அது இறுகியிருக்கும். ஒரு பக்கம் கழலவில்லை என்றால் சில கடைகளில் மறுபக்கத்தில் மட்டும் திருகி மொத்த அளவைக் கொண்டுவந்துவிடுவார்கள். தாளில் எல்லாம் சரியாக இருக்கும், ஸ்டீயரிங் மட்டும் கோணலாக நிற்கும்.

காஸ்டரும் அளக்கச் சொல்லுங்கள். சக்கரத்தைச் சுழலும் தட்டின் மேல் இரு பக்கமும் திருப்பி எடுத்தால்தான் அந்த அளவு வரும். நேரம் பிடிக்கும் என்பதால் தவிர்ப்பதுண்டு.

தாளில் பச்சை நிறத்தை மட்டும் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். இடது சக்கரம் அனுமதித்த வரம்பின் மேல் முனையிலும் வலது கீழ் முனையிலும் இருந்தால் இரண்டும் பச்சைதான், ஆனால் வண்டி இழுக்கும். இடத்தையும் வலத்தையும் கழித்து, வித்தியாசம் அரை டிகிரிக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். தாள் டிகிரி, நிமிடக் கணக்கில் இருந்தால் 0 டிகிரி 30 நிமிடம் என்பது அரை டிகிரி. தசமக் கணக்கில் 0.30 என்றால் 18 நிமிடம்தான். இரண்டையும் குழப்பிக்கொண்டு கடைக்காரரோடு சண்டைக்குப் போவது அடிக்கடி நடக்கிறது.

கடையிலிருந்து வெளியே வந்ததும், முதலில் ஓட்டிப் பார்த்த அதே ரோட்டில், அதே விடியற்காலை நேரத்தில், அதே காற்று அளவோடு இரு திசையிலும் ஓட்டிப் பாருங்கள். "செய்வதற்கு முன், செய்த பின்" என்று இரண்டு அளவும் உள்ள தாளை வண்டியிலேயே வைத்திருங்கள். ஆறு மாதம் கழித்து மறுபடி இழுத்தால், எந்தக் கோணம் நகர்ந்தது என்று அடுத்த மெக்கானிக் அதில்தான் பார்ப்பார்.